ஒன்பதின் விதியும் பன்னிரண்டு தௌ இடைவெளியும்



சில வாரங்களுக்கு முன் நான்காம் ஆண்டுக் கணித வகுப்பில், ஒன்று முதல் எட்டு வரையிலான எண்களைக் கூட்டினால் என்ன வரும் என்று கேட்டேன். மாணவர்கள் விரல்விட்டு எண்ணத் தொடங்கினர். நான் வெண்பலகையில் எட்டு எண்களையும் ஒரே வரிசையில் எழுதினேன். ஒன்றையும் எட்டையும், இரண்டையும் ஏழையும், மூன்றையும் ஆறையும், நான்கையும் ஐந்தையும் வளைகோடுகளால் இணைத்தேன். ஒவ்வோர் இணையின் கூட்டுத்தொகையும் ஒன்பது. நான்கு இணைகள், ஆக, முப்பத்தாறு. "இதை எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள் டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். "புத்தகத்தில் இல்லை, ஒரு பழைய காடியின் இஞ்சினில் படித்தேன்" என்றேன். வகுப்பே சிரித்தது. நான் சொன்னது உண்மைதான்.

அந்த இஞ்சினில் நான் கற்றது கணிதம் மட்டுமன்று. உலக வரலாற்றின் ஒரு பகுதியையும், ஆசிரியர்களாகிய நமக்கு நேரடித் தொடர்புள்ள ஒரு செய்தியையும் அதிலிருந்துதான் கற்றேன். அதை இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

பெரியப்பாவின் மோரிஸ் மைனர்

இன்று தெப்ராவ் என்றால் நெடுஞ்சாலையும் பேரங்காடிகளும் நினைவுக்கு வரும். என் இளமையில் ரப்பர்த் தோட்டங்களே நினைவுக்கு வரும். என் பெரியப்பா தோட்டத்தில் லாரி ஓட்டுநராக இருந்தார். 1970-களில், பணி ஓய்வு பெற்ற கிராணி ஒருவரிடமிருந்து 1964-ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் மகிழுந்து ஒன்றை வாங்கினார். எங்கள் குடும்பத்தின் முதல் மகிழுந்து அதுவே.

மோரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948-இல் இலண்டன் கண்காட்சியில் அது முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. தொடக்கத்தில் அதில் இருந்தது வால்வுகள் பக்கவாட்டில் அமைந்த பழைய வகை இஞ்சின். 1952-இல் மோரிஸ், ஆஸ்டின் நிறுவனங்கள் இணைந்த பிறகு, வால்வுகள் தலைப்பகுதியில் அமைந்த ஆஸ்டினின் 'ஏ' வரிசை இஞ்சின் அதில் பொருத்தப்பட்டது. 803 சி.சி. அளவில் வந்த அது 1956-இல் 948 ஆகவும் 1962-இல் 1098 ஆகவும் வளர்ந்தது. 'ஏ' வரிசை இஞ்சின், மினி மகிழுந்தின் வழியாக 2000-ஆம் ஆண்டு வரை உற்பத்தியில் இருந்தது. மலாயாவில் ஆசிரியர்களும் கிராணிகளும் மருத்துவ உதவியாளர்களும் விரும்பி வாங்கிய மகிழுந்துகளுள் மோரிஸ் மைனரும் ஒன்று.

அந்த இஞ்சினில் நான்கு சிலிண்டர்கள்; சிலிண்டருக்கு இரண்டு வால்வுகள்; ஆக மொத்தம் எட்டு. ஒன்று காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உள்ளே விடும். மற்றொன்று எரிந்த புகையை வெளியே விடும். இரண்டாவதை எக்சாஸ்ட் வால்வு என்பர். ஒவ்வொரு வால்வின் தண்டையும் 'ராக்கர்' என்ற சிறு நெம்புகோல் அழுத்தித் திறக்கிறது. வால்வு மூடியிருக்கும் வேளையில் ராக்கருக்கும் தண்டுக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி இருந்தாக வேண்டும். மோரிஸ் மைனருக்கு அது பன்னிரண்டு தௌ. தௌ என்பது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. பன்னிரண்டு தௌ ஏறக்குறைய 0.30 மில்லிமீட்டர். அச்சுத்தாள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வரும் கனம், அவ்வளவே.

காலை வேளையின் கணிதப் பாடம்

இஞ்சின் குளிர்ந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில்தான் பெரியப்பா இந்த வேலையைத் தொடங்குவார். முதலில் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றுவார். பிறகு இஞ்சினின் மேல்மூடியைத் திறப்பார். வண்டியை நான்காவது கியரில் போட்டுவிட்டு, "மெதுவா தள்ளு மா" என்பார். நான் பின்னாலிருந்து தள்ளுவேன். சக்கரம் உருள, இஞ்சினும் சுழலும். ராக்கர்கள் ஒவ்வொன்றாகத் தலையாட்டும்.

ஒரு வால்வின் இடைவெளியை அளக்க வேண்டுமானால் அது முற்றிலும் மூடியிருக்க வேண்டும். எந்த வால்வு எப்போது முற்றிலும் மூடியிருக்கும் என்பதை எவ்வாறு அறிவது? இங்கேதான் ஒன்பதின் விதி வருகிறது. வால்வுகளுக்கு முன்னிருந்து பின்னாக ஒன்று முதல் எட்டு வரை எண்ணிட வேண்டும். எட்டாம் வால்வு முழுதும் திறந்திருக்கும்போது முதல் வால்வைச் சரிபார்க்கலாம். ஆறு திறந்திருந்தால் மூன்று. நான்கு திறந்திருந்தால் ஐந்து. ஏழு திறந்திருந்தால் இரண்டு. திறந்திருக்கும் வால்வின் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால், சரிபார்க்க வேண்டிய வால்வின் எண் கிடைத்துவிடும்.

இதில் மந்திரம் ஏதுமில்லை. முதல் சிலிண்டரும் நான்காம் சிலிண்டரும் ஒன்றாக மேலேறி ஒன்றாகக் கீழிறங்கும்; ஆனால் ஒன்று கலவையை அழுத்தும் வேளையில் மற்றொன்று புகையை வெளியேற்றும். இரண்டாவதும் மூன்றாவதும் அவ்வாறே. இந்தச் சமச்சீர்தான் ஒன்பதாக வெளிப்படுகிறது. ஆறாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திய பெரியப்பாவுக்குச் சமச்சீர் என்ற சொல் தெரியாது. "ஏழு தொறந்திருக்கு, எதைப் பார்க்கணும்?" என்று அவர் கேட்க, நான் "ரெண்டு" என்று கத்துவேன். கழித்தல் கணக்கு எனக்கு அப்படித்தான் பழகியது.

அதன்பின் ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய உலோகத் தகட்டை அந்த இடைவெளிக்குள் நுழைப்பார். தகடு தடையின்றி வழுக்கினால் இடைவெளி மிகுதி. நுழைய மறுத்தால் குறைவு. இலேசாகப் பிடித்து இழுபடும் பதமே சரியான அளவு. பூட்டு நட்டை ஸ்பேனரால் தளர்த்தி, திருகைத் திருப்புளியால் திருப்பி அளவைச் சரிசெய்வார். நட்டை இறுக்கிய பின் மீண்டும் ஒருமுறை அளப்பார், ஏனெனில் இறுக்கும்போதே அளவு மாறிவிடக்கூடும். இறுதியில், தம் 555 குறிப்புப் புத்தகத்தில் தேதியையும், சரிசெய்வதற்கு முன் எட்டு வால்வுகளும் காட்டிய அளவுகளையும் எழுதிவைப்பார். மளிகைக் கடைக் கடன் எழுத மற்றவர்கள் வைத்திருந்த அதே புத்தகம்தான்.

இடைவெளி எதற்கு?

சூடேறினால் உலோகம் விரிவடையும் என்பதை நாம் அறிவியல் பாடத்தில் கற்பிக்கிறோம். இஞ்சின் கடுமையாக உழைக்கும்போது எக்சாஸ்ட் வால்வின் தலை செந்நிறமாகும் அளவுக்குச் சூடேறும். அதன் தண்டும் நீளும். நீளுவதற்கு இடம் விடாவிட்டால் தண்டு ராக்கரில் முட்டி நிற்கும். வால்வு முற்றிலும் மூடாது. வால்வு தன் வெப்பத்தைப் பெரும்பாலும் மூடியிருக்கும் நேரத்தில்தான், தான் அமரும் இருக்கையின் வழியாக வெளியேற்றுகிறது. மூடாத வால்வு குளிர வழியின்றிப் போகும். போதாக்குறைக்கு, எரியும் வாயு அந்த மெல்லிய இடுக்கு வழியே பீறிட்டு, வால்வின் விளிம்பையே அரித்துவிடும். இஞ்சின் நிமிடத்திற்கு மூவாயிரம் சுற்று ஓடும்போது, ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு இருபத்தைந்து முறை திறந்து மூடுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இடைவெளி மிகுதியானால் 'டக் டக்' என்ற ஓசை கேட்கும். இஞ்சினின் ஆற்றல் சற்றுக் குறையும். இடைவெளி குறைந்தாலோ ஓசையே இராது, வால்வு கருகிப்போகும். ஓசை இருக்கும் இடத்தைவிட ஓசை அடங்கிய இடத்திலேயே ஆபத்து அதிகம். இதைப் பெரியப்பா பலமுறை சொல்லியும் நான் மனத்தில் கொள்ளவில்லை.

கழற்றிப் பார்த்துக் கற்றவர்கள்

பெரியப்பாவைப் போல வீட்டிலேயே வால்வைச் சரிசெய்தவர்கள் மகிழுந்து தோன்றிய காலம்தொட்டே இருந்தார்கள். 1908-இல் வெளிவந்த ஃபோர்டு 'டி' மாடலில் இடைவெளியைச் சரிசெய்யத் திருகே கிடையாது. இடைவெளி குறைந்தால் வால்வுத் தண்டின் நுனியை அராவித்தான் சரிசெய்ய வேண்டும். திருகு வந்த பின் வேலை எளிதாயிற்று. 1930-இல் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம் தன் பதினாறு சிலிண்டர் மகிழுந்தில், எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானாகவே நீக்கிக்கொள்ளும் அமைப்பைக் கொண்டுவந்தது. ஆயினும் அது செல்வந்தர்களின் வாகனம். எளியவர்களின் மகிழுந்துகளில் திருகும் நட்டும் இன்னும் பல்லாண்டுகள் நீடித்தன.

தமிழர்களுள் இவ்வகைக் கல்விக்குப் பெரும் எடுத்துக்காட்டு கோவை ஜி.டி. நாயுடு. 1893-இல் கலங்கல் சிற்றூரில் பிறந்த அவருக்குப் பள்ளிப் படிப்பில் நாட்டமில்லை. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். கோவையில் உணவு விடுதி ஒன்றில் வேலை செய்து பணம் சேர்த்து, முந்நூறு ரூபாய்க்கு அதை வாங்கினார். ஓட்டியதோடு நில்லாமல், பிரித்துப் பார்த்து மீண்டும் பூட்டினார். 1920-இல் ஒரே ஒரு பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டித் தொழிலைத் தொடங்கினார்; அது யு.எம்.எஸ். என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1945-இல் கோவையில் தொழில்நுட்பக் கல்விக்கூடம் அமையவும் அவர் காரணமாக இருந்தார்.

1959-இல் சென்னையில் ரானே குழுமம் 'எஞ்சின் வால்வ்ஸ்' என்ற பெயரிலேயே ஒரு தொழிற்சாலை நிறுவனத்தைத் தொடங்கியது. ஆக, வால்வைச் சரிசெய்யக் கற்ற நம்மவர்கள் வால்வையே செய்யவும் கற்றார்கள். நம் நாட்டுத் தோட்டங்களில் லாரி ஓட்டிய, புகைக்கூடத்து இயந்திரங்களைப் பார்த்துக்கொண்ட தமிழர்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. அவர்களும் கழற்றிப் பார்த்தே கற்றார்கள். மூத்த ஓட்டுநரின் கை பார்த்து இளையவர் பழகினார். பெரியப்பாவும் அந்த வரிசையில் வந்தவர்தான்.

ஓசை அடங்கிய நாள்

1999-ஆம் ஆண்டு. நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேரக் காத்திருந்த காலம். சிரம்பானில் உறவினர் திருமணம். புறப்படுவதற்கு முன் வால்வுகளைப் பார்ப்பது வழக்கம். பெரியப்பாவுக்கு அப்போதுதான் கண் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. "நீயே பார்த்துடு மா" என்று என்னிடம் ஒப்படைத்தார். நான் இஞ்சினை முடுக்கிக் காது கொடுத்துக் கேட்டேன். 'டக் டக்' ஓசை அறவே இல்லை. தையல் இயந்திரம்போல் ஓடியது. மேல்மூடியைத் திறக்காமலேயே, "எல்லாம் நல்லா இருக்கு பெரியப்பா" என்று சொல்லிவிட்டேன்.

வடக்கு தெற்கு விரைவுச்சாலையில் சென்றோம். ஆயர் ஈத்தாமைத் தாண்டியதும் வண்டி இழுக்க மறுத்தது, நடுங்கியது. அருகிலிருந்த ஊரில் ஒரு பட்டறைக்கு இழுத்துச் சென்றோம். மறுநாள் இஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றிய பட்டறைக்காரர் எட்டாம் வால்வை எடுத்துக் காட்டினார். கடித்துவைத்த ரொட்டியைப்போல் அதன் விளிம்பில் ஒரு துண்டு இல்லை. திருமணத்தை நாங்கள் பார்க்கவில்லை. பெரியப்பா என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் எனக்கு மிகவும் வலித்தது.

வீடு திரும்பியதும் 555 புத்தகத்தைப் புரட்டினோம். 1980-களில் எட்டு எண்களும் ஏறத்தாழ ஒரே சீராக இருந்தன. 1990-களின் பிற்பகுதியில் மட்டும் 1, 4, 5, 8 ஆகிய நான்கு வால்வுகளின் அளவு, ஒவ்வொரு முறையும் பத்து, ஒன்பது, எட்டு எனக் குறைந்துகொண்டே வந்திருந்தது. அந்த நான்கும் எக்சாஸ்ட் வால்வுகள். பெரியப்பா ஒவ்வொரு முறையும் திருகைத் தளர்த்திச் சரிசெய்து வந்திருக்கிறார். காரணம் அவருக்கும் தெரியவில்லை. காரணத்தைப் பட்டறைக்காரர் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருந்தார்: "இப்ப பெட்ரோல்ல ஈயம் இல்ல, ஐயா."

ஈயத்தின் கதை

1921-ஆம் ஆண்டு டிசம்பரில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி, பெட்ரோலில் சிறிதளவு ஈயச் சேர்மத்தைக் கலந்தால் இஞ்சின் இடிக்கும் குறை நீங்குவதைக் கண்டறிந்தார். 1923-இல் அந்தப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. ஈயம் நஞ்சு என்பது அன்றே தெரிந்த செய்தி. 1924-இல் நியூ ஜெர்சியின் சுத்திகரிப்பு ஆலை ஒன்றில் அச்சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் ஐவர் சித்தம் கலங்கி மாண்டனர். ஆயினும் விற்பனை நிற்கவில்லை, உலகெங்கும் பரவியது.

ஈயத்திற்கு மற்றொரு குணமும் இருந்தது. எரிந்த ஈயம் எக்சாஸ்ட் வால்வின் இருக்கையில் மெல்லிய படலமாகப் படிந்து, வால்வும் இருக்கையும் நேருக்கு நேர் உரசாமல் காத்தது. எனவே மோரிஸ் மைனர் போன்ற வண்டிகளில் கடினமான தனி இருக்கை பொருத்தப்படவில்லை. வார்ப்பிரும்புத் தலையையே கடைந்து இருக்கையாக்கினர். ஈயம் நீங்கியதும் அந்தப் படலமும் நீங்கியது. வால்வு இருக்கையைத் தேய்த்துக்கொண்டு உள்ளே புதைந்தது. அதன் தண்டு மேலெழுந்தது. மேலிருந்த இடைவெளி சுருங்கியது. மெதுவாக ஓட்டினால் இந்தத் தேய்மானம் குறைவு. நெடுநேரம் வேகமாக ஓட்டினால் மிகுதி. கூலாய், லாபிஸ், சிகாமட் வழியாகப் பழைய சாலையில் ஊர்ந்த காலத்தில் எங்கள் வண்டிக்கு ஒன்றும் நேரவில்லை. விரைவுச்சாலை 1994-இல் முழுமையடைந்தது; அதே பத்தாண்டில் ஈயமும் நம் நாட்டுப் பெட்ரோலிலிருந்து விடைபெற்றது. இரண்டும் ஒன்றுசேர்ந்து 555 புத்தகத்தின் நான்கு பத்திகளில் பதிவாகியிருந்தன.

"நல்லா ஓடின வண்டியைக் கெடுத்துட்டானுங்க" என்று பெரியப்பா பெட்ரோலைச் சபித்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆசிரியரான பிறகுதான் மறுபக்கத்தைப் படித்தேன்.

அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மன் 1979-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து, அவற்றிலுள்ள ஈயத்தை அளந்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் வகுப்பறை நடத்தையை அவர்களின் ஆசிரியர்களே மதிப்பிட்டார்கள். எந்தப் பிள்ளையின் பல்லில் எவ்வளவு ஈயம் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியாது. பல்லில் ஈயம் மிகுந்த பிள்ளைகளையே ஆசிரியர்கள் கவனம் சிதறுபவர்கள், பகற்கனவு காண்பவர்கள், சொன்னதைத் தொடர்ந்து செய்ய இயலாதவர்கள் என்று அதிகமாகக் குறித்திருந்தனர். நுண்ணறிவுச் சோதனையிலும் அவர்கள் பின்தங்கினர். அவர்கள் வெளிப்படையாக எந்த நோய்க்கும் ஆளாகாத பிள்ளைகள். பிள்ளைகளுக்குத் தீங்கற்றது என்று சொல்லத்தக்க ஈய அளவு எதுவும் அறியப்படவில்லை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றைய நிலைப்பாடு.

இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சாலையோரப் பள்ளிகளில் எத்தனை பிள்ளைகளை 'மண்டு' என்றும் 'கவனமில்லாதவன்' என்றும் நாம் கடிந்திருப்போம்! அவர்களுள் சிலருக்கேனும் காற்றில் கலந்த ஈயம் காரணமாக இருந்திருக்கலாம் அல்லவா? என் பெரியப்பாவின் வால்வைக் காத்த அதே ஈயம்தான் பிள்ளைகளின் மூளையில் படிந்தது. ஒரு மோரிஸ் மைனர் வால்வு கருகியது அதற்கு ஈடாகக் கொடுத்த மிகச் சிறிய விலை. இந்தியா 2000-ஆம் ஆண்டில் ஈயப் பெட்ரோலைக் கைவிட்டது. உலகிலேயே இறுதியாக அல்ஜீரியா 2021-ஆம் ஆண்டு ஜூலையில் அதன் விற்பனையை நிறுத்தியது. கண்டுபிடிப்பிலிருந்து முடிவு வரை ஏறத்தாழ நூறு ஆண்டுகள்.

இன்று எஞ்சியிருப்பது

பட்டறைக்காரர் புதிய வால்வுகளையும், தலையைக் கடைந்து கடினமான எஃகு இருக்கைகளையும் பொருத்தினார். அதன்பின் ஈயமற்ற பெட்ரோலில் வண்டி தடையின்றி ஓடியது. 555 புத்தகத்தின் எண்களும் மீண்டும் சீராயின. பெரியப்பா சில ஆண்டுகளுக்கு முன் இயற்கை எய்தினார். மோரிஸ் மைனர் இப்போது என் வீட்டில் இருக்கிறது.

இன்றைய மகிழுந்துகள் பலவற்றில் இடைவெளி தானாகவே சரியாகிவிடுகிறது. மற்றவற்றிலும் நெடுந்தொலைவு ஓடிய பிறகே பார்த்தால் போதும். இது நன்மையே. ஆனால் நம் பிள்ளைகள் ஒரு மூடியைத் திறந்து, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்து, அளந்து, எழுதிவைக்கும் வாய்ப்பு குறைந்துவிட்டது. மகிழுந்து இல்லாவிட்டாலும் ஒரு மிதிவண்டி, ஒரு பழைய சுவர்க் கடிகாரம், அம்மாவின் தையல் இயந்திரம் என ஏதேனும் ஒன்றைப் பிள்ளையோடு சேர்ந்து திறந்து பாருங்கள். பார்த்ததைத் தேதியிட்டு எழுதிவைக்கச் சொல்லுங்கள். காரணம் தெரியாமலேயே பெரியப்பா எழுதிவைத்த எண்களால்தான் காரணம் பின்னர் எங்களுக்கு விளங்கியது.

சென்ற விடுமுறையில் என் மகள் வண்டியைத் தள்ளினாள். "ஏழு திறந்திருக்கிறது, எதைப் பார்க்க வேண்டும்?" என்றேன். "ரெண்டு" என்று கத்தினாள். இஞ்சின் ஓடியபோது இலேசாக 'டக் டக்' என்ற ஓசை கேட்டது. "சத்தம் வருதே மா, கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள். "இல்லை, நலமாக இருக்கிறது" என்றேன்.

வகுப்பறையிலும் ஓசை எழுப்பும் பிள்ளையை நாம் உடனே கவனித்துவிடுகிறோம். ஓசை அடங்கிய பிள்ளையிடம்தான் நான் இப்போது முதலில் செல்கிறேன்.